அப்பா நேரம் கேட்டபோது என்ன சொன்னீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 27. வேலை முடிந்த பிறகு இரவுகளில் கிராபிக் டிசைன் கற்று வருகிறேன். வண்ணச் சக்கரம், சமநிலை, அழகான அளவு என்று சொல்லப்படும் பொன்விகிதம் எல்லாம் படித்துக் குறிப்பெடுத்துவிட்டேன். ஆனாலும் நான் செய்யும் எதுவும் தேர்ந்தவர்களின் வேலைபோல் அமையவில்லை. அண்மையில் அப்பாவின் பணி ஓய்வு விழாவுக்கு நானே அழைப்பிதழ் செய்தேன். இளமஞ்சள் பின்னணி, பொன்னிறத்தில் மெல்லிய எழுத்து, நவீனத் தோற்றத்துக்காக எழுத்துகளைச் சற்றே விலக்கி வைத்தேன். சமநிலைக்காக நாளை மேல் மூலையிலும் நேரத்தை எதிர் மூலையிலும் போட்டேன். உடன் கற்கும் நண்பர்கள் பாராட்டினார்கள். அப்பா மட்டும் கைப்பேசியில் பார்த்துவிட்டு, ‘எத்தனை மணிக்கு என்று போட்டிருக்கிறாய்?’ என்று கேட்டார். அவருக்கு இதெல்லாம் புரியாது. அவருடைய ஓய்வுத்தொகை வந்ததும் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கி முழுநேரப் பயிற்சியில் சேரலாமா? எனக்கு இதற்கான திறமை இருக்கிறதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, திறமை இருக்கிறதா என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி.

விழா அப்பாவுடையது. அழைப்பிதழில் இருப்பது அவர் பெயர். அவருக்கே விழா எத்தனை மணிக்கு என்று தெரியவில்லை. அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு, ‘அவருக்கு இதெல்லாம் புரியாது’ என்று முடித்துவிடுகிறீர்கள். எதெல்லாம் புரியாது? தன் விழாவின் நேரத்தைத் தெரிந்துகொள்வதற்கு ஒரு மனிதர் வண்ணச் சக்கரம் படித்திருக்க வேண்டுமா? அவர் கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதைக் கடிதத்தில் எழுதவே இல்லை. விரலால் தொட்டுக் காட்டியிருப்பீர்கள், அல்லது வாயால் சொல்லியிருப்பீர்கள். அந்தக் கணமே திரும்பிப் போய் அழைப்பிதழைத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தியதாகவும் தெரியவில்லை. அதே படம்தான் உறவினருக்கும் அவருடைய சக ஊழியர்களுக்கும் போயிருக்கும். அவர்களில் பலர் அவர் வயதுக்காரர்கள்.

அப்பாவின் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் குறிப்பேடுகளில் இது இருக்காது. நாற்பதைத் தாண்டினால் அருகில் உள்ளதைக் குவித்துப் பார்க்கும் ஆற்றல் எல்லோருக்கும் குறைகிறது. கண்மணியும் சிறுத்துக்கொண்டே வருகிறது. அறுபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்ணின் ஆடி (லென்ஸ்) மெல்ல மஞ்சள் நிறமாகிறது; அதனால் வெள்ளைக்கும் இளமஞ்சளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மங்குகிறது. நீங்கள் தேர்ந்தெடுத்ததோ இளமஞ்சள் மேல் பொன்னிறம், அதுவும் மெல்லிய எழுத்து. அவரால் படிக்க முடியாதபடி எப்படிச் செய்யலாம் என்று யோசித்துச் செய்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக அமைந்திருக்காது.

இணையப் பக்கங்கள் எல்லோருக்கும் படிக்கக் கிடைக்க வேண்டும் என்பதற்காக உருவான பன்னாட்டு வழிகாட்டி, வழக்கமான அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளி மாறுபாடு (இரண்டின் வெளிச்சத்துக்கும் உள்ள விகிதம்) வேண்டும் என்கிறது. பெரிய எழுத்துக்கு 3:1 போதும். வெள்ளை மேல் கறுப்பு 21:1. இதை அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. உங்கள் இரு நிறங்களையும் அதில் இட்டுப் பாருங்கள். 3-ஐ எட்டுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

எழுத்தை விலக்கி வைத்தேன் என்கிறீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலப் பெரிய எழுத்துகளை விலக்கி வைப்பதைப் பார்த்துத் தமிழுக்கும் அதையே செய்கிறவர்கள் ஏராளம். ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள்: கொம்பு, ககரம், கால் என்று மூன்று உறுப்புகள் சேர்ந்துதான் அது ஓர் எழுத்து. விலக்கினால் உறுப்புகளும் பிரிந்து நிற்கக்கூடும். படிப்பவரின் கண் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கும். மெல்லிய எழுத்துருவைச் சிறிதாக்கினால் முதலில் மறைவது புள்ளி. புள்ளி போனால் க் எது, க எது? மேலே கொக்கி ஏறும் கி, கீ, கீழே வால் இறங்கும் கு, கூ எல்லாம் இருப்பதால் தமிழ் வரிகளுக்கு இடையில் ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் வேண்டும். நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவும் இல்லை. ஒன்றை முக்கியம் என்று காட்ட அளவு, தடிமன், இடம் ஆகியவற்றைத்தான் நம்பியிருக்கிறோம். இவற்றைத் தமிழ் அச்சில் பார்த்துத்தான் கற்க வேண்டும். நன்றாக அச்சிட்ட ஒரு தமிழ் நூலை எடுத்து, அளவுகோல் வைத்து, ஓரங்களையும் வரியிடைவெளியையும் அளந்து பாருங்கள்.

நாளையும் நேரத்தையும் இரண்டு மூலைகளில் பிரித்து வைத்ததைச் சமநிலை என்று எழுதியிருக்கிறீர்கள். அருகருகே இருப்பவற்றை மனம் ஒரே கூட்டமாக எடுத்துக்கொள்கிறது என்பதை மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் 1923-லேயே புள்ளிகளை வரைந்து காட்டி எழுதிவிட்டார். நாள், நேரம், இடம் மூன்றும் ஒரே கேள்விக்கான விடை: நான் எப்போது, எங்கே வர வேண்டும்? அவை ஒட்டி நிற்க வேண்டும். அப்பா நாளைக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் நேரத்தைத் தேடியிருப்பார். அவர் தேடியது சரியான இடத்தில்தான். நீங்கள்தான் அங்கே வைக்கவில்லை.

பொன்விகிதத்தை விட்டுவிடுங்கள். ஓர் அழைப்பிதழுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தை 1931-இல் புதிதாக வரைந்த ஹாரி பெக், பொறியியல் வரைபடங்கள் வரைந்துவந்தவர். பூமிக்கு அடியில் பயணம் செய்பவருக்கு மேலே இருக்கும் உண்மைத் தூரங்கள் தேவையில்லை, எங்கே ஏறி எங்கே மாற வேண்டும் என்பதுதான் தேவை என்று கண்டார். வளைந்த பாதைகளை நேர்கோடுகளாகவும் சாய்கோடுகளாகவும் ஆக்கினார். நிர்வாகம் முதலில் ஏற்கவில்லை. 1933-இல் அச்சிட்டுக் கொடுத்தபோது பயணிகள் விரும்பி வாங்கிக்கொண்டார்கள். பயணியின் கேள்வியிலிருந்து அவர் தொடங்கினார். நீங்கள் நண்பர்களின் பாராட்டிலிருந்து தொடங்குகிறீர்கள். அந்த நண்பர்கள் யாரும் விழாவுக்கு நேரம் பார்த்து வர வேண்டியவர்கள் இல்லை.

இனி பணம். ஓய்வுத்தொகை என்பது அப்பா அம்மாவின் முதுமைக்கு உரியது. 27 வயதில் சம்பாதிக்கும் மகன் அதில் பங்கு கேட்பது எனக்குச் சிறிதும் சம்மதமில்லை. அவர்களே எடுத்துக் கொடுத்தாலும் ‘வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். எவருடைய கருத்தை ‘புரியாது’ என்று ஒதுக்கினீர்களோ அவருடைய சேமிப்பு மட்டும் உங்களுக்குப் புரிகிறது என்றால், அது முறையா? பயிற்சியில் சேர வேண்டும் என்றால் உங்கள் சம்பளத்தில் சேர்த்துவைத்துச் சேருங்கள். அதுவரை கற்க வேண்டியது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அழைப்பிதழை மறுபடியும் செய்யுங்கள். விழா முடிந்திருந்தாலும் செய்யுங்கள். கறுப்பும் வெள்ளையும் மட்டும், ஒரே எழுத்துரு, இரண்டே அளவுகள். எல்லா வரிகளும் இடப்பக்கம் ஒரே கோட்டில் தொடங்கட்டும். இடம் காலியாக இருந்தால் இருக்கட்டும், பூ வரையாதீர்கள். செய்து முடித்ததும் அப்பாவிடம் கைப்பேசியைக் கொடுத்து, ஐந்து விநாடி கழித்து வாங்கிக்கொண்டு, என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். அவர் பேசும்போது குறுக்கே விளக்கம் சொல்லாதீர்கள். இது உங்களுக்குக் கடினமாக இருக்கும் என்று உங்கள் கடிதத்தின் தொனியே சொல்கிறது. அவர் தடுமாறிய இடத்தை மட்டும் மாற்றுங்கள், மறுபடி காட்டுங்கள். அவரிடம் மன்னிப்பும் கேட்டுவிடுங்கள்.

அடுத்த வேலையாக, வீட்டில் யாராவது தினமும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், எந்த வேளைக்கு எது என்று ஒரே தாளில் அட்டவணை செய்யுங்கள். நெருக்கம், வரிசை, மாறுபாடு, எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்ற படிநிலை எல்லாம் அந்த ஒரு தாளில் வந்துவிடும். காலை, இரவு என்பதை நிறத்தால் மட்டும் பிரிக்க வேண்டாம். ஆண்களில் கணிசமானவர்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது. மருத்துவர் தந்த சீட்டோடு வைத்து, நீங்கள் அல்லாத இன்னொருவர் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்த பிறகே சுவரில் ஒட்டுங்கள்.