ஃபார்மேட் செய்யச் சொன்னால் ‘கேன்சல்’ அழுத்துங்கள்

கேள்வி: 2013-ல் வாங்கிய லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கேசிங் ஒன்று வாங்கிப் போட்டேன். வேறு கம்ப்யூட்டரில் சொருகினால் ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறது. சில நேரம் டிரைவ் தெரிகிறது, ஆனால் ஃபார்மேட் செய்யச் சொல்கிறது. காலமான அப்பாவின் படங்கள் அதில்தான் இருக்கின்றன. கடையில் 9,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? படங்களை எடுத்தபின் டிஸ்க்கை டிவியில் சொருகிப் பயன்படுத்தலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். ஃபார்மேட் செய்யச் சொல்வதால் படங்கள் அழிந்துவிட்டன என்று நினைக்க வேண்டாம். எந்தப் படம் டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பை விண்டோஸால் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். ‘கேன்சல்’ அழுத்துங்கள். ‘எரர் செக் ஓட விடுங்கள், சரியாகிவிடும்’ என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். சரிசெய்கிறேன் என்று அது டிஸ்க்கிலேயே எழுதத் தொடங்கும். படங்கள் கைக்கு வரும்வரை அந்த டிஸ்க்கில் ஓர் எழுத்துகூடப் புதிதாக ஏறக் கூடாது.

அடுத்து அந்த ‘டிக் டிக்’. இந்தச் சத்தம் கேட்டால், டிஸ்க்குக்குள் சுழலும் தட்டைப் படிக்கும் முனையான ‘ஹெட்’ போய்விட்டது, உடனே பிடுங்கிவிடு என்பதுதான் எங்கள் தொழிலில் பாலபாடம். ஆனால் கேசிங்கில் போட்ட லேப்டாப் டிஸ்க்குக்கு ஒரு விலக்கு உண்டு. அதைக் கடைக்காரர் உங்களிடம் சொல்லமாட்டார். பழைய யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர். சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் டிஸ்க் கேட்பது அதைவிட அதிகம், சில டிஸ்க் 1 ஆம்பியர் வரைகூடக் கேட்கும். மின்சாரம் போதாமல் தட்டு வேகமெடுத்து, விழுந்து, மறுபடி எழும். நல்ல டிஸ்க்கே டிக் டிக் என்னும், ஃபார்மேட் கேட்கும், காணாமல் போகும்.

அதனால் நீளமான வயரைத் தூக்கிப் போடுங்கள். சிபியு பெட்டியின் முன்பக்கத் துளையை விட்டுவிட்டு, பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும், கூடுதல் மின்சாரம் தரும் நீலநிற யுஎஸ்பி 3.0 துளையில் குட்டை வயரால் சொருகுங்கள். இரண்டு துளைகளிலிருந்து மின்சாரம் எடுக்கும், இரண்டு தலை உள்ள யுஎஸ்பி வயர் கிடைத்தால் இன்னும் நல்லது. காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ‘ஊய்ங்’ என்று ஏறி ஒரே சீராக ஓடினால் கோளாறு மின்சாரத்தில்தான் இருந்திருக்கிறது. நல்ல மின்சாரத்திலும் தாளம் போட்டதுபோல டிக் டிக் தொடர்ந்தால் உடனே கழற்றிவிடுங்கள். இந்தச் சோதனை ஒரே தடவை, அரை நிமிடம், போதும். ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம், உள்ளே ஈரம் கோக்கும்.

சீராக ஓடியும் ஃபார்மேட் கேட்கிறதா? டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை இறக்குங்கள். அதோடு சேர்ந்தே படங்களை மீட்டெடுக்கும் க்யூஃபோட்டோரெக் என்ற இன்னொன்றும் வரும். அதில் மவுஸ் வேலை செய்யும், உங்களுக்கு அதுவே வசதி. பழைய டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, சேமிக்கும் இடமாக வேறொரு டிஸ்க்கைக் காட்டுங்கள். அதில் 500 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். பல மணி நேரம் ஓடும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். ஃபைல்களின் பழைய பெயர்கள் வராது, எல்லாம் எண்களாகத்தான் வரும். அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும், அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

ஹெட்தான் போய்விட்டது என்றால் கடை வேண்டும். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. டேட்டா ரெக்கவரி என்று போர்டு மாட்ட நம் ஊரில் லைசென்ஸ் கிடையாது, பரீட்சை கிடையாது. டிஸ்க் தயாரித்த கம்பெனியிடம் போனால் வாரன்டியில் வேறு டிஸ்க் தருவார்கள், உள்ளே இருப்பதற்குப் பொறுப்பில்லை என்பார்கள். மக்கள் கடைசியில் வந்து மாட்டுவது இடைத்தரகரிடம்தான். பல கடைகள் டிஸ்க்கை வாங்கி, கூரியரில் இன்னொரு ஊருக்கு அனுப்பி, நடுவில் ஒரு தொகை வைக்கின்றன. அனுப்பும் முன் ‘சும்மா பார்க்கிறேன்’ என்று மூடியைத் திறப்பவர்களும் உண்டு.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் அப்படி ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்தார். லேபிளில் ஒரு சின்ன ஓட்டை. ஒட்டியிருக்கும் லேபிளுக்கு அடியில் ஒரு திருகு ஒளிந்திருக்கும், மூடியைக் கழற்ற அதைக் குத்தித்தான் எடுக்க வேண்டும். உள்ளே கண்ணாடிபோலப் பளபளக்கும் தட்டின்மேல் முழுசாக ஒரு கட்டைவிரல் ரேகை. ஓடும்போது ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் இருப்பது சில நானோமீட்டர் இடைவெளி. ஒரு தலைமுடியின் தடிமனோ பல பத்தாயிரம் நானோமீட்டர். அந்த இடைவெளிக்குள் விரல் எண்ணெய் வந்தால் என்ன மிஞ்சும்? பேரனின் முதல் பிறந்தநாள் அதில் இருந்தது. என்னால் ஒன்றும் எடுத்துத் தர முடியவில்லை.

அதனால், கொடுக்கும்முன் லேபிளைப் போட்டோ எடுங்கள், சீரியல் நம்பரும் ஓட்டையில்லாத ஸ்டிக்கரும் தெளிவாகத் தெரிய வேண்டும். ‘இங்கேயே செய்வீர்களா, வெளியே அனுப்புவீர்களா?’ என்று நேராகக் கேளுங்கள். என்னைக் கேட்காமல் மூடியைத் திறக்கக் கூடாது, படம் வராவிட்டால் பணம் கிடையாது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பணம் கொடுக்கும்முன் நீங்கள் சொல்லும் ஐந்தாறு படங்களைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியல் மட்டும் காட்டினால் நம்பாதீர்கள், பெயர் இருக்கும், உள்ளே வெறுமையாக இருக்கும். 9,000 என்பது ஹெட் மாற்றுவதற்கா, நான் மேலே சொன்ன இலவச மென்பொருளை ஓட்டுவதற்கா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

டிவி விஷயம் சுலபம். படங்கள் இரண்டு இடத்தில் பத்திரமான பிறகு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். மஞ்சளோ சிவப்போ காட்டினால் டிஸ்க்குக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். நீலம் என்றால் ‘குவிக் ஃபார்மேட்’ கட்டத்தில் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் போடுங்கள், சில மணி நேரம் ஆகும். அப்புறம் சினிமா, பாட்டு ஏற்றி டிவியில் சொருகலாம். அப்பாவின் படங்களை மட்டும் மறுபடி அதில் வைக்காதீர்கள்.