‘இனி’க்கு முன்னால் என்ன?

கேள்வி: மூத்தவள் பெயர் நந்தினி. இரண்டாவதும் பெண். அதே ‘னி’யில் முடிகிற மாதிரி வைக்க ஆசை. ஒரு பட்டியலில் ‘தன்ஷினி – தெய்வீக ஒளி, தூய தமிழ்ப் பெயர்’ என்று பார்த்தேன். வைக்கலாமா? வேறு பெயர்களும் சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாக வைக்கலாம். பெயருக்குப் பொருள் இருந்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அந்தத் ‘தெய்வீக ஒளி’யை நம்பி வைக்காதீர்கள். தமிழும் இல்லை, ஒளியும் இல்லை. ‘இனி’யைக் கழற்றினால் மிஞ்சுவது ‘தன்ஷ்’. அதற்குக் கிட்டத்தில் இருக்கிற வடசொல் ‘தம்சம்’. கடி, கொட்டும் ஈ என்று பொருள்!

பெயரின் கடைசியில் இந்த ‘இனி’ எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பட்டியலே வேண்டாம். வடமொழியில் ஒரு சொல்லோடு ‘இனி’ சேர்ந்தால் ‘அதை உடையவள்’ அல்லது ‘அதைச் செய்பவள்’ என்றாகும். மாலை அணிந்தவள் மாலினி. சிரிப்பவள் ஹாசினி. உங்கள் நந்தினி மகிழ்விப்பவள். வசிஷ்டரின் பசுவுக்கும் அதே பெயர். தாமரைக்கொடி அல்லது தாமரைக்குளம் என்றால் பத்மினி, நளினி, கமலினி. ஆம்பல் என்றால் குமுதினி. யாமம் உடையது யாமினி, அதாவது இரவு. இதற்கும் ‘பிரகாசம்’ என்று பொருள் போடும் பட்டியல்கள் உண்டு. சௌதாமினி மின்னல். ஆகவே ‘இனி’யை நீக்கிவிட்டு, முன்னால் நிற்பது ஒரு சொல்தானா என்று பாருங்கள். ஜஷ், ஹன்ஷ், தியாழ் என்று ஏதாவது நின்றால், பக்கத்தில் அச்சடித்திருக்கும் பொருள் யாரோ உட்கார்ந்து எழுதியது.

சொல் இருந்தாலும் முழுப்பொருளையும் பாருங்கள். சங்கினி ‘சங்கு உடையவள்’ என்பது சரிதான். ஆனால் காமநூலான கொக்கோகம் பெண்களை நான்கு சாதியாகப் பிரிக்கிறதே, பத்மினி, சித்தினி, சங்கினி, அத்தினி என்று, அதில் மூன்றாவது அது. காமினி என்றால் அழகி, வேர் காமம். இலங்கையிலோ அதே எழுத்தில் எழுதும் ‘காமினி’ (Gamini) வேறு சொல், ஆண் பெயர்.

அடுத்தது, பலர் தடுமாறும் இடம்: னியா, ணியா? வடமொழிப் பெயரில் முன்னால் ர அல்லது ஷ இருந்தால், பின்னால் வரும் ன, ண ஆகிவிடும். ரோகிணி, ஹரிணி, ருக்மிணி, தாரிணி, தரங்கிணி, சுபாஷிணி எல்லாம் இப்படித்தான். இடையில் ச, ட, த வரிசை எழுத்து (ஜ, ஞ எல்லாம் ச வரிசைதான்) குறுக்கிட்டால் மாறாது. அதனால் ரஞ்சினிக்கு னி. அப்படியானால் பிரியதர்ஷினி? அங்கே நாம் ஷ என்று எழுதுவது வடமொழியில் ‘சிவ’ என்பதில் வரும் ச. அது குறுக்கே நிற்பதால் ர தோற்றது. னி தான் சரி. பிரியதர்ஷிணி என்று எழுதுவது வீண் சுழி. ராகினி என்றே எல்லோரும் எழுதுகிறார்கள், முறைப்படி ராகிணி. மூத்தவள் ‘னி’யோடு கண்ணுக்கும் பொருந்த வேண்டுமானால் இந்த ணிகாரப் பெயர்களை ஒதுக்கிவிடுங்கள்.

தமிழ்ப் பெயர்தான் வேண்டுமா? யாழினி நல்ல பெயர். ‘யாழ் உடையவள்’ என்றும் கொள்ளலாம், ‘யாழ்போல் இனியவள்’ என்றும் கொள்ளலாம். குழந்தைப் பேச்சை யாழோடு ஒப்பிட்ட 66ஆம் குறளும் நினைவுக்கு வரும். சிக்கல், ‘இனி’ என்று தனியே நின்றால் தமிழில் ‘இனிமேல்’ என்றுதான் பொருள். எந்தச் சொல்லோடும் அதை ஒட்டிவிட்டு ‘இனிமை’ என்று சொல்ல முடியாது. நான் கை காட்டுவது பாடினி. சங்க இலக்கியத்தில் பாணர் குலத்துப் பாடகியின் பெயர். புறநானூறு 11இல் சேரனைப் பாடிப் பொன்னணி பரிசு பெறுகிறவள் அவள்தான். அந்தப் பாட்டை எழுதியதும் பெண், பேய்மகள் இளவெயினி. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய ‘இனி’ வீட்டிலேயே கிடக்கும்போது தன்ஷினி எதற்கு?

அக்கா தங்கைக்கு இனிஷியல் ஒன்று, முடிவும் ஒன்று. முதல் எழுத்தாவது வேறாக இருக்கட்டும். நந்தினிக்குத் தங்கை நளினி என்றால் பள்ளிச் சான்றிதழ் முதல் மருந்துச் சீட்டு வரை மாறிப்போக வழி வைக்கிறீர்கள்.

அவசரமும் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள், பெயர் இல்லாமலே செய்யலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம். பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. யாழினி என்று முடிவானால் ஆங்கிலத்தில் எந்த எழுத்து என்பதையும் அப்போதே தீர்மானியுங்கள். தமிழ்நாட்டில் ழகரத்துக்கு ‘இசட் எச்’, ஈழத்தமிழர் ‘எல்’ மட்டும் போடுவார்கள். வெளிநாட்டில் முதல் வகையை ‘யாஸினி’ என்று வாசிப்பார்கள். இரண்டில் எதுவானாலும் பிறப்புச் சான்றிதழில் இருப்பதே ஆதாரிலும் பள்ளியிலும் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும்.