வீடு, மனை, அரசு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: மனைக்கு சி.எம்.டி.ஏ. அனுமதி நல்லதா, டி.டி.சி.பி. அனுமதி நல்லதா?

மனை எந்த ஊரில் என்றே எழுதவில்லை. நான் ஜோசியமா பார்க்க முடியும்? சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற இடங்களுக்கு டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்). இதில் உசத்தி, மட்டம் கிடையாது. பெருநகர எல்லையை ஏறக்குறைய 1,200 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,900-க்கு விரிக்க 2022-இல் அரசாணை வந்தது. எல்லையோர ஊர் என்றால் சர்வே எண்ணோடு போய் விசாரியுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கே: வீட்டுவசதி வாரியமும் குடிசை மாற்று வாரியமும் ஒன்றுதானே?

இல்லை. முன்னது தொடங்கியது 1961-இல், பின்னது 1970-இல். பின்னதன் பெயர்தான் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது.

கே: குடிசைவாசிகளுக்குச் சென்னையை ஒட்டிய பெரும்பாக்கத்தில் அரசு வீடு கொடுத்தும் சிலர் பூட்டிவிட்டு நகருக்கே திரும்புகிறார்கள். நன்றி கெட்டதனம் இல்லையா?

இந்தக் கேள்வி வந்தாலே எனக்குக் கோபம் வரும். கூவம் கரையில் இருந்த ஒரு பெண் நடந்துபோய் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். இப்போது காலை ஏழு மணி வேலைக்கு விடிவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும். லிஃப்ட் நின்றால் ஏழாவது மாடிக்குக் குடத்தோடு ஏற வேண்டும். நன்றியைப் பற்றி அவரிடம் போய்க் கேளுங்கள்!

கட்டடம் கட்டுவது வீட்டுவசதித் துறை. பஸ் விடுவது போக்குவரத்துத் துறை, பள்ளிக்கூடம் கல்வித் துறை, குடிநீர் வேறொரு துறை. ஆளுக்கொரு கோப்பு, ஆளுக்கொரு பட்ஜெட். சாவி கொடுக்கும் விழாவுக்கு எல்லோரும் வருவார்கள். மறுநாள் பஸ் வராது. நான் பல வருஷமாகச் சொல்வது இதுதான்: பஸ், பள்ளி, தண்ணீர், ரேஷன் கடை தயார் என்று அந்தந்தத் துறை எழுத்தில் கையெழுத்திடாமல் ஒதுக்கீட்டு ஆணை போகக் கூடாது. வாங்கிச் சேர்க்கும் பொறுப்பு ஒரே அதிகாரியிடம் இருக்க வேண்டும். பழுதான குடியிருப்புகளை இருந்த இடத்திலேயே இடித்துக் கட்டும் வேலையையும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் செய்கிறது. முடிந்த இடத்திலெல்லாம் முதலில் அதைப் பாருங்கள் என்றால் கேட்பார் இல்லை.

கே: மனைப்பிரிவுக்குப் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து போதாதா? பட்டாவும் இருக்கிறது.

போதாது. பட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். அங்கே என்ன கட்டலாம் என்று சொல்லாது. எத்தனை முறைதான் எழுதுவது?

கே: 2,400 சதுர அடி மனை, ஒரு மாடி வீடு. அனுமதிக்கு எத்தனை மாதம் அலைய வேண்டும்?

அலையவே வேண்டாம். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட, 2024 முதல் சுயசான்று முறையில் (விவரங்கள் சரி என்று நீங்களே உறுதி கொடுத்து) ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. அளவைக் கூட்டிக் குறைத்து எழுதிவிட்டு அப்புறம் என்னிடம் வராதீர்கள்.