குரல் போன பிறகு போனில் பேசுவது எப்படி?

கேள்வி: டாக்டர், எனக்கு 57 வயது. மன்னார்குடி பக்கம் நெல் வியாபாரம் செய்கிறேன். தொண்டையில் புற்றுநோய் வந்து, போன வருடம் குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். ரேடியேஷனும் முடிந்தது. கழுத்துத் துளை வழியாகத்தான் மூச்சு. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி வாங்கினேன். நேரில் வீட்டார் புரிந்துகொள்கிறார்கள், போனில் எடுபடவில்லை. ‘ஹலோ ஹலோ’ என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். விவசாயிகளோடும் மில்காரர்களோடும் போனில் பேசித்தான் முப்பது வருடம் தொழில் செய்தேன். இப்போது மகன் பேசுகிறான், நான் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு எழுதிக் கொடுக்கிறேன். கம்ப்யூட்டரை வைத்து நானே போன் பேச வழி உண்டா?

பதில்: உண்டு. உங்கள் போனோடு இன்னொரு பழைய போன் வீட்டில் இருந்தால் இந்த வாரமே தொடங்கலாம், பெரிய செலவு கிடையாது. ஆனால் போன் மட்டும் ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

நேரில் பேசும்போது எதிரில் இருப்பவர் உங்கள் வாயசைவைப் பார்க்கிறார், கையசைவைப் பார்க்கிறார். கழுத்தில் கட்டியிருக்கும் துணியைப் பார்த்ததுமே பொறுமையாகக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. போனில் இது எதுவும் இல்லை. நாலைந்து வினாடி சத்தம் வராவிட்டால் ‘சிக்னல் இல்லை போல’ என்று வைத்துவிடுவார். சத்தம் வந்து, அது இயந்திரக் குரலாக இருந்தால், லோன் வேண்டுமா என்று கேட்கும் பதிவுக் குரல் என்று நினைத்து இன்னும் சீக்கிரம் வைத்துவிடுவார். ஆகவே முதல் சில வினாடிகளில், இந்தப் பக்கம் இருப்பது ஒரு மனிதர், அதுவும் நீங்கள் என்று அவருக்குப் புரிந்தாக வேண்டும். குரல் எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

என்னிடம் சிகிச்சை பெற்ற ஒரு டெய்லர் இதை எனக்குக் காட்டிக்கொடுத்தார். டைப் செய்ததைப் படித்துச் சொல்லும் செயலி ஒன்றை நான்தான் அவருக்கு ஏற்பாடு செய்து, ‘வணக்கம், நான் ஒரு கணினிக் குரல் மூலம் பேசுகிறேன்’ என்று முதல் வாக்கியமும் எழுதிக் கொடுத்தேன். ஒருவரும் இரண்டாவது வாக்கியம் வரை காத்திருக்கவில்லை. அவரே அதை அழித்துவிட்டு, ‘அண்ணே, நான்தான் பழைய பஸ் ஸ்டாண்டு டெய்லர்’ என்று மாற்றினார். அதன்பிறகு ஆட்கள் போனை வைக்கவில்லை. விளம்பரக் குரல் யாரையும் அண்ணே என்று கூப்பிடாது அல்லவா?

உங்களுக்கும் அப்படி ஒரு தொடக்கம் வேண்டும். ‘மாமா, நான் மன்னார்குடி நெல் வியாபாரி பேசுறேன். தொண்டையில ஆபரேஷன் ஆனதால எனக்குக் குரல் இல்ல. நான் டைப் பண்றதைப் போன் படிச்சுச் சொல்லுது. பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், கட் பண்ணிடாதீங்க.’ உங்கள் பெயரையும் சேர்த்து, அண்ணனுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று, தெரியாதவர்களுக்கு ‘சார்’ போட்டு ஒன்று என்று மூன்றாகச் சேமித்துக்கொள்ளுங்கள். இதைவிட முக்கியமானது இன்னொரு சின்ன வாக்கியம்: ‘இருங்க, டைப் பண்றேன்.’ நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது இதை ஒருமுறை தட்டினால் போதும், எதிர்முனையில் இருப்பவர் காத்திருப்பார்.

மொத்த உரையாடலையும் அப்போதைக்கப்போது டைப் செய்து ஓட்ட முடியாது. இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் 1985-இல் நிமோனியா வந்து, மூச்சுக்குழாயில் துளை போட்டபோது பேச்சை இழந்தார். அதன்பின் கணினியில் சொற்களைத் தேர்ந்தெடுத்துப் பேசினார். நிமிடத்துக்கு 15 சொற்கள் வந்தாலே அவருக்கு அது வேகம். ஆனாலும் உலகமெங்கும் மேடையேறிப் பேசினார். உரையை முன்கூட்டியே எழுதி வைத்து, வாக்கியம் வாக்கியமாகக் கணினியைப் பேசவைப்பார். உங்கள் தொழிலில் திரும்பத் திரும்ப வரும் பேச்சு எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ‘மூட்டை என்ன விலை சொல்றீங்க?’ ‘ஈரப்பதம் எவ்வளவு இருக்கு?’ ‘லாரி எப்ப வரும்?’ ‘அந்த விலைக்குக் கட்டுப்படியாகாது.’ ஐம்பது வாக்கியங்களை உட்கார்ந்து சேமித்துவிட்டால் பாதிப் பேச்சு விரல் நுனிக்கு வந்துவிடும். மகனோடு ஒரு சாயங்காலம் உட்காருங்கள். முப்பது வருடமாக நீங்கள் போனில் என்ன பேசினீர்கள் என்று உங்களைவிட அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.

இப்போது கருவி விஷயம். ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் தமிழ்க் குரல் இலவசமாகவே இருக்கிறது. செட்டிங்ஸில் ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ என்று தேடி, தமிழைத் தேர்ந்தெடுத்து, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். எழுதியதைப் படிக்கும் செயலிகள் நிறைய உண்டு. வாக்கியங்களைச் சேமித்து ஒரே தட்டில் பேசவைக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து எடுங்கள். தமிழ் டைப்பிங் வராவிட்டால் கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் விரலால் எழுதினாலும் எழுத்தாகிவிடும்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் அதே போனில் செயலியைப் பேசவிட்டால் எதிர்முனையில் ஒன்றும் கேட்காது, அல்லது விட்டுவிட்டுக் கேட்கும். சாதாரணச் செயலிகள் தம் ஓசையை நேரடியாக அழைப்புக்குள் அனுப்ப ஆண்ட்ராய்டு விடுவதில்லை. ஸ்பீக்கர் வழியே வரும் ஓசையையோ, எதிரொலி என்று நினைத்துப் போனே வடிகட்டிவிடும். அதனால்தான் இரண்டாவது போன். அழைக்கும் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வையுங்கள். பேசும் போனை அதன் மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். மேலே மின்விசிறி ஓடினால் நிறுத்திவிடுங்கள். பழைய டேப்லெட் இருந்தால் இன்னும் நல்லது, பொத்தான்கள் பெரிதாக இருக்கும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. 2023-இல் ஐஓஎஸ் 17-உடன் வந்த ‘லைவ் ஸ்பீச்’ வசதி, டைப் செய்வதை அழைப்புக்குள்ளேயே பேசிவிடும். இதற்காக ஐபோன் வாங்குவதாக இருந்தால், பணம் கொடுக்கும் முன் கடையிலேயே தமிழில் பேசவைத்துக் கேளுங்கள். கணினியிலும் செய்யலாம். விண்டோஸில் ‘வள்ளுவர்’ என்ற பெயரிலேயே தமிழ்க் குரல் உண்டு. அது பேசுவதை மைக்கில் வருவதுபோலத் திருப்பிவிடும் ‘விர்ச்சுவல் ஆடியோ கேபிள்’ என்ற சிறு மென்பொருளைப் போட்டால், கணினியிலிருந்தே வாட்ஸ்அப் அழைப்பில் பேசலாம். மகனுக்குக் கணினி பழக்கம் இருந்தால் அமைத்துத் தருவான்.

இயந்திரம் தமிழ் படிக்கும் விதம் பழக வேண்டும். 98430 என்று சேர்த்து எழுதினால் தொண்ணூற்று எட்டாயிரத்து என்று ஆரம்பித்துவிடும். போன் நம்பரை இலக்கத்துக்கு இலக்கம் இடைவெளி விட்டு எழுதுங்கள். நெல் ரகத்தை ‘பீ பீ டீ’, ‘சீ ஆர்’ என்று ஒலிப்படி எழுதினால் சரியாக வரும். ‘வருகிறேன்’ என்று எழுதினால் செய்தி வாசிப்பது போல் இருக்கும், ‘வர்றேன்’ என்றே எழுதுங்கள்.

இனி, மருத்துவராக ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு வால்வு பொருத்தலாமா என்று அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டீர்களா? மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் சிறு துளையிட்டு ஒருவழி சிலிக்கோன் வால்வு வைப்பது. கழுத்துத் துளையை விரலால் மூடிப் பேசினால் நுரையீரல் காற்றே குரலாகும். குரல்வளை எடுத்துப் பல மாதம் ஆனவர்களுக்கும், ரேடியேஷன் முடிந்தவர்களுக்கும்கூட, திசுக்களின் நிலையைப் பார்த்துச் செய்ய முடியும். சில மாதங்களுக்கு ஒருமுறை வால்வை மாற்ற வேண்டும். வெளிநாட்டு வால்வுகள் பல ஆயிரம் ரூபாய் ஆகும். பெங்களூரு புற்றுநோய் அறுவை மருத்துவர் விஷால் ராவ் உருவாக்கிய ‘ஓம்’ வால்வு, சுமார் 50 ரூபாய் விலையில் அறிமுகமானது. போனில் நன்றாக எடுபடும் குரல் பெரும்பாலும் இந்த வால்வுக் குரல்தான். தண்ணீர் குடிக்கும்போது வால்வு கசிந்து இருமல் வந்தால் மாற்றும் வரை பேச முடியாமல் போகலாம், அந்த நாட்களுக்கும் நீங்கள் சேமித்த வாக்கியங்கள் கைகொடுக்கும்.

கையில் இருக்கும் கருவியையும் மூலையில் போட்டுவிடாதீர்கள். ரேடியேஷனில் கழுத்துத் தோல் தடித்து இறுகியிருந்தால் அதிர்வு உள்ளே போகாது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், அல்லது வாய்க்குள் வைக்கும் சிறு குழாயை அதில் மாட்டிப் பாருங்கள். போனின் மைக் வாயோரம் இருக்க வேண்டும். கழுத்துப் பக்கம் போனால் கருவியின் ரீங்காரமும் மூச்சுச் சத்தமும்தான் எதிர்முனைக்குப் போகும்.

உங்கள் பழைய வாட்ஸ்அப் குரல் செய்திகள் யாரிடமாவது இருக்கும். அழிக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லி, வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அமெரிக்கத் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2006-இல் புற்றுநோய் சிகிச்சையில் குரலை இழந்தார். அவர் படங்களின் டிவிடிகளுக்காக முன்பு பேசிவைத்த பதிவுகளிலிருந்து எடின்பரோவின் செரிப்ராக் நிறுவனம் அவருடைய குரலையே கணினியில் உருவாக்கியது. 2010-இல் தொலைக்காட்சியில் அந்தக் குரல் ஒலித்தது. இன்று அதற்குச் சில நிமிடப் பதிவே போதும் என்ற அளவுக்குத் தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது. இரைச்சல் இல்லாத பதிவு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லது. குரல்வளை அறுவைக்குத் தேதி குறித்துக் காத்திருக்கும் யாராவது இதைப் படித்தால், இன்றே அமைதியான அறையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிப் பதிந்து வையுங்கள். இதை நோயாளிகளிடம் முன்கூட்டியே சொல்லாமல் விட்ட நாட்களை நினைத்து நான் வருந்தியதுண்டு.

இன்னும் இரண்டு விஷயம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குரல்வளை நீக்கத்தால் வரும் நிரந்தரப் பேச்சிழப்பைப் பெயர் சொல்லியே இயலாமையாக ஏற்கிறது. சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். வங்கியில் போன் குரலை நம்ப மறுத்தால் நேரில் காட்ட அது உதவும். அவசரத்துக்கு ‘112 இந்தியா’ செயலியைப் போட்டு வையுங்கள், உங்கள் இருப்பிடத்தை அது அனுப்பிவிடும். சேமிக்கும் வாக்கியங்களில் முதலாவதாக இது இருக்கட்டும்: ‘நான் கழுத்துத் துளை வழியாக மூச்சு விடுபவன். ஆக்சிஜனைக் கழுத்தில் கொடுங்கள், மூக்கில் வேண்டாம்.’ இதையே ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையிலும் வையுங்கள்.

முதல் அழைப்பை மில்லுக்குப் போடாதீர்கள். வீட்டம்மாவைக் கொல்லைப்புறம் அனுப்பிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து அவரை அழைத்துப் பழகுங்கள். எந்த வாக்கியம் கேட்கிறது, எது குழறுகிறது என்று அவர் சொல்வார். நாலு நாள் கழித்து, உங்களுக்கு ரொம்ப வேண்டிய விவசாயி ஒருவருக்குப் போடுங்கள். அப்போது மகன் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் போன் உங்கள் மேசையிலேயே இருக்கட்டும்.