இடிப்படகுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

பெல்வியூவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவைப் போன வாரம் சியாட்டிலில் உள்ள மோஹாய் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனேன். அங்கே 'ஸ்லோ-மோ-ஷன் 4' என்ற பழைய பந்தயப் படகு இருக்கிறது. எண்பது வயதிருக்கும் ஒருவர் அதைப் பேரனுக்குக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அலுவலகத்திலும் மூத்தவர்களிடம் 'ஹைட்ரோ' என்று ஆரம்பித்தால் போதும், நிறுத்த முடியவில்லை. பணக்காரர்கள் எரிபொருளைக் கொட்டி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வட்டமடிக்கிற விளையாட்டுதானே சார்? இதில் அழ என்ன இருக்கிறது? நீங்கள் தொண்ணூறுகளில் அங்கே இருந்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். 'இன்போர்டு ஹைட்ரோபிளேன்' என்றால் என்ன என்று அப்பா கேட்டார். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

கே.

அன்புள்ள கே.,

அப்பாவின் கேள்வி சுலபமானது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். நம் கடற்கரையில் ஃபைபர் படகின் பின்னால் தொங்கவிட்டிருப்பார்களே, வேண்டும்போது கழற்றித் தோளில் தூக்கிப்போகும் எஞ்சின், அது அவுட்போர்டு. விசைப்படகில் எஞ்சின் படகின் உடம்புக்குள்ளேயே இருக்கும், அது இன்போர்டு. ஹைட்ரோபிளேன் தண்ணீரைக் கிழிப்பதில்லை. கிழிக்கிற படகைத் தண்ணீர் பிடித்து இழுக்கும், ஓரளவுக்கு மேல் வேகம் எடுக்காது. உங்கள் அப்பா சின்ன வயதில் குளத்தில் ஓட்டாஞ்சில்லு வீசித் தவளை விட்டிருப்பார், கேட்டுப்பாருங்கள். அந்தச் சில்லு செய்வதைத்தான் இதுவும் செய்கிறது. முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் ஸ்பான்சன் என்ற மிதவைகள், பின்னால் ப்ரொப்பெல்லர். வேகம் பிடித்துவிட்டால் இந்த மூன்று இடங்கள்தான் தண்ணீரைத் தொடும். ப்ரொப்பெல்லரும் பாதிதான் முங்கியிருக்கும். அது பின்னால் வாரி இறைக்கிற தண்ணீர் பனைமரம் உயரத்துக்கு எழும்பும். அதற்குச் சேவல் வால் என்று பெயர். படகின் அடிவயிற்றில் புகும் காற்றுதான் படகைத் தூக்கிப்பிடிக்கிறது. அந்தக் காற்று கொஞ்சம் கூடிவிட்டால் மூக்கைத் தூக்கிக் கரணம் அடித்துவிடும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி உங்கள் கேள்வி. 'பணக்காரர்கள்' என்பதில் பாதி உண்மை. ஸ்லோ-மோ-ஷனின் உரிமையாளர் ஸ்டான்லி சேயர்ஸ், சியாட்டிலில் கார் விற்பனை நிலையம் வைத்திருந்தவர். ஆனால் படகுக்குள் இருந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். அது அல்லிசன் வி-1710, இரண்டாம் உலகப்போரின் போர்விமானங்களுக்காகச் செய்தது. பன்னிரண்டு சிலிண்டர், 28 லிட்டர். முப்பத்தைந்து மாருதி 800 எஞ்சின்களை ஒன்றாகக் கட்டினால் வரும் அளவு. போர் முடிந்ததும் இவை பெட்டி பிரிக்காமலேயே குவிந்து கிடந்தன. அரசாங்கம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டது. ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் போர்விமானங்களில் இருந்த ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சினும் அப்படித்தான் படகுக்கு வந்தது. ஆகாயத்துக்குச் செய்ததை மரப்பலகைப் படகுக்குள் இறக்கிவிட்டார்கள். அந்தக் காலத்துப் பந்தயம் முழுக்க ஓடியது போரின் மிச்சத்தில்தான்.

சேயர்ஸின் படகை டெட் ஜோன்ஸ் வடிவமைத்தார், ஆங்கர் ஜென்சன் தன் படகுப் பட்டறையில் கட்டினார். 1950 ஜூன் 26 அன்று வாஷிங்டன் ஏரியில் அது மணிக்கு 160.323 மைல் ஓடியது. கிலோமீட்டரில் 258. சர் மால்கம் கேம்ப்பெல் 1939ல் வைத்த உலக சாதனை 141.74 மைல். சாதனைகளை அரை மைல், ஒரு மைல் என்று முறியடிப்பார்கள். இது ஒரே தாவலில் பதினெட்டு மைலுக்கு மேல். படகின் பெயர் என்னவோ 'ஸ்லோ மோஷன்'!

அடுத்த மாதமே அந்தப் படகு டெட்ராய்ட் போய், 1904லிருந்து நடந்துவரும் கோல்டு கப் படகுப்பந்தயத்தை வென்றது. வென்றவர் ஊரில் அடுத்த ஆண்டுப் பந்தயம் என்பது அன்றைய வழக்கம். டெட்ராய்ட் கைக்குள் வைத்திருந்த பந்தயம் 1951ல் சியாட்டிலுக்கு வந்துவிட்டது. 1954 வரை கோப்பையைத் திருப்பித் தரவே இல்லை. சியாட்டிலுக்கு அப்போது பெரிய லீகில் ஆடும் அணி ஒன்றுகூடக் கிடையாது. கூடைப்பந்துக்கு சூப்பர்சானிக்ஸ் வந்தது 1967ல்தான். அதுவரை ஊருக்கு என்று பெருமை பேச இருந்தது இந்தப் படகுகள்தான்.

என் பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஊரிலேயே பிறந்தவர், 1951ல் அவருக்கு ஒன்பது வயது. தெருப் பையன்கள் எல்லாம் ஒட்டுப்பலகையை அறுத்துக் கையகலப் படகு செய்வார்களாம். வண்ணம் அடித்து, எண் எழுதி, சைக்கிள் சீட்டுக்கடியில் கயிற்றால் கட்டித் தெருவில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவார்கள். அடிப்பலகை தேய்ந்து ஓட்டை விழுந்தால் அடுத்த படகு. ஒரே கோடையில் நான்கு படகைத் தேய்த்தேன் என்று நான்கு விரலைக் காட்டுவார். ஒட்டுப்பலகை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். சியாட்டிலில் அந்த வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் இந்தக் கயிறும் சைக்கிளும் கதையில் வந்துவிடும். அருங்காட்சியகத்தில் நீங்கள் பார்த்த தாத்தா பேரனிடம் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

பணக்காரர் விஷயத்துக்கு இன்னொரு பதிலும் உண்டு. இண்டியானா மாநிலத்தில் ஒஹாயோ ஆற்றங்கரையில் மேடிசன் என்று ஒரு சிற்றூர், அப்போது சுமார் பதின்மூன்றாயிரம் பேர். 'மிஸ் மேடிசன்' படகுக்கு அந்த ஊரேதான் உரிமையாளர். அதுவும் ஒரு பணக்காரர் ஓட்டிமுடித்துக் கொடுத்த படகு, பத்து வயதுக் கிழடு. 1971ல் கோல்டு கப் மேடிசனிலேயே நடந்தது. பெரிய கம்பெனிப் படகுகளைத் தாண்டி, ஜிம் மெக்கார்மிக் அந்தக் கிழட்டுப் படகில் ஊர்க்காரர்கள் முன்னால் கோப்பையை வென்றார். நம்மூரில் கோயில் தேர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிழவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசும் பகுதியும் உண்டு. சியாட்டிலின் முதல் கோல்டு கப்பிலேயே 'குவிக்சில்வர்' படகு முங்கி அதிலிருந்த இருவரும் இறந்தார்கள். 1955ல் லூ ஃபேகியோல் ஓட்டிய 'ஸ்லோ-மோ-ஷன் 5' ஒரு முழுக் கரணம் அடித்து நிமிர்ந்தே வந்து விழுந்தது. படகு தப்பியது, அவர் படுகாயத்தோடு உயிர் பிழைத்தார், திரும்பப் பந்தயம் ஓட்டவில்லை. 1966 ஜூன் 19, தலைநகர் வாஷிங்டனில் பொட்டோமாக் ஆற்றில் ஒரே நாளில் மூன்று பேர்: ரான் மஸ்ஸன், ரெக்ஸ் மான்செஸ்டர், டான் வில்சன். மஸ்ஸன் இறந்தபிறகும் பந்தயத்தை நிறுத்தவில்லை. இறுதிச் சுற்றில் மற்ற இருவரின் படகுகளும் மோதிக்கொண்டன. அன்று நிறுத்தியிருக்க வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. திறந்த இருக்கை, பெல்ட் கிடையாது. கவிழ்ந்தால் படகோடு மாட்டிக்கொள்வதைவிடத் தூக்கி எறியப்படுவது மேல் என்பது அன்றைய கணக்கு. 62 பந்தயங்கள் வென்ற பில் மன்ஸி 1981ல் மெக்சிகோவின் அக்காபுல்கோவில் முன்னிலையில் போய்க்கொண்டிருந்தபோது படகு பின்னால் கவிழ்ந்து இறந்தார். 1986ல் 'மிஸ் பட்வைசர்' படகில் எஃப்-16 போர்விமானத்தின் கண்ணாடி மூடியைப் பொருத்தினார்கள். அப்புறம்தான் சாவு குறைந்தது.

சரி, அழுவதற்கு வருவோம். போய்விட்ட வெற்றிகளுக்காக அவர்கள் அழுவதாக எனக்குத் தோன்றவில்லை. போனது சத்தம். ஏரிக்கரையிலிருந்து சில மைல் தள்ளிக்கூடக் கேட்கும், 'இடிப்படகு' என்றே அழைத்தார்கள். அந்தச் சத்தம் நிலைக்க வழியும் இல்லை. ப்ரொப்பெல்லர் தண்ணீரை விட்டு எழும்போதெல்லாம் சுமையில்லாத எஞ்சின் தறிகெட்டுச் சுற்றும், கனெக்டிங் ராடு உடைந்து எஞ்சினின் பக்கவாட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். இரண்டு சுற்றுக்கு நடுவே மெக்கானிக்குகள் வேறு எஞ்சினை இறக்கிப் பூட்டுவார்கள். புதிதாகச் செய்பவர் எவரும் இல்லை. பழைய விமானம் பறக்கவிடுபவர்களும் மெர்லினைத் தேடி வாங்க ஆரம்பித்தார்கள், விலை ஏறிவிட்டது. ஒவ்வொரு பந்தயத்திலும் குவியல் கரைந்துகொண்டே இருந்தது. 1982ல் 'பே அண்ட் பாக்' படகு டர்பைன் எஞ்சினில் முதல் வெற்றி பெற்றது. பிறகு டர்பைன்தான். அதுவும் சினூக் ஹெலிகாப்டரின் லைகாமிங் எஞ்சின், வியட்நாம் போரின் மிச்சம். எடை குறைவு, சக்தி அதிகம், அடிக்கடி வெடிப்பதும் இல்லை. சத்தம் மட்டும் பக்கத்து வீட்டு மிக்சி. ஒட்டுப்பலகைப் படகு தேய்த்த என் பக்கத்து வீட்டுக்காரர் அதை வேக்குவம் கிளீனர் என்பார்.

1994 என்று நினைவு, அவரோடு ஏரிக்கரைக்குப் போயிருந்தேன். டர்பைன் படகுகள் ஓடி முடிந்தன, அவர் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். பிறகு கண்காட்சிக்காக ஒரு பழைய படகை கிரேனில் தூக்கித் தண்ணீரில் வைத்தார்கள். எஞ்சின் இரண்டு முறை இருமியது, வரிசையாக இருந்த புகைக்குழாய்களில் கரும்புகை, பிறகு நெருப்பு நாக்கு. பிடித்துக்கொண்டதும் எனக்குக் காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். படகு மறுகரை போய்த் திரும்பும்வரை அவர் அதைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அப்பாவுக்கு ஆறு மாத விசாதானே, ஆகஸ்டு வரை இருப்பாரா? முதல் வார இறுதியில் ஜெனிசீ பூங்கா அருகே பந்தயம். பழைய படகுகளையும் இறக்கும் வழக்கம் உண்டு. எந்த நேரம் என்று முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டால் கென்ட் நகரில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய படகுகளை ஓடும் நிலைக்குக் கொண்டுவருபவர்கள் அவர்கள். என் காலத்தில் விமான சாகசத்துக்காக ஐ-90 பாலத்தை மூடிவிடுவார்கள், ஒருமுறை இரண்டு மணிநேரம் மாட்டிக்கொண்டேன். காலையிலேயே கிளம்பிவிடுங்கள். தொப்பி, தயிர்சாதம், அப்பாவுக்குக் காதில் வைக்கக் கொஞ்சம் பஞ்சு.