கல்யாண வீட்டில் கறுப்பு உடுப்பு

அன்புள்ள ஐயா,

முள்ளியவளையில் இருந்து எழுதுகிறேன். போன மாதம் தங்கச்சியின் கல்யாணம். அம்மாவோடு படித்த நீராவிப்பிட்டி முஸ்லிம் சிநேகிதிக்கும் சொல்லியிருந்தோம். தன் இரண்டு பேத்திமாரோடு வந்தா. மூன்று பேரும் கறுப்பு அபாயா. "நல்ல காரியத்துக்குக் கறுப்போடையா வாறது? முந்தி இவையளும் சேலைதானே உடுத்தவை" என்று பெரியம்மா முணுமுணுத்தா. அவைக்கும் கேட்டிருக்கும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும், நாலு பேரோடு சேர்ந்து இருக்கும்போது உடுப்பிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தானே மரியாதை வரும் என்றும் தோன்றுகிறது.

– ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

முந்தி சேலைதான். தலைப்பால் முக்காடு போட்டு வருவார்கள். தூரத்தில் பார்த்தால் வெயிலுக்குத் தலைப்பை இழுத்துவிட்ட எங்கட ஆச்சிமார் மாதிரியே இருக்கும். ஆனால் அந்த 'முந்தி'க்கும் இன்றைக்கும் நடுவில் 1990 ஒக்டோபர் கிடக்கிறது. வடக்கில் இருந்த முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். பெரும்பாலானவர்கள் புத்தளத்தில், ஓலைக் கொட்டில்களில், சுமார் 20 வருசம் கிடந்தார்கள். அந்தப் பேத்திமார் பிறந்ததும் அங்கேயாகத்தான் இருக்கும். சேலை உடுத்தவர்களை அனுப்பிவிட்டு, திரும்பி வந்தவர்களிடம் சேலை எங்கே என்று கேட்கிறோம்.

அது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். மார்க்கப் பற்று, வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் வந்தவர்களின் பழக்கம், வீட்டு ஆம்பிளைகளின் சொல், பழைய சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டு சட்டென்று புறப்படலாம் என்ற வசதி... எவருக்கு எது என்று எங்களுக்குத் தெரியாது. கறுப்பு ஆகாது என்பதும் எங்கட கணக்கு. அவர்களுக்கு அதில் அபசகுனம் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கென்று பெட்டியில் மடித்து வைத்திருந்ததைத்தான் போட்டு வந்திருப்பா, உங்கள் பெரியம்மா கூறைச்சேலையை எடுத்த மாதிரி.

1983 கலவரத்தின்போது கொழும்பில் இருந்த என் சித்தி, பொட்டை அழித்துவிட்டுத்தான் தெருவில் இறங்கினா. அழித்ததால் ஒருவரும் அவவை மதிக்கவில்லை. ஆளைத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு முன்னையதைவிடப் பெரிய பொட்டு வைத்தா. ஏன் இவ்வளவு பெரிசு என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

விட்டுக்கொடுத்தால் மரியாதை வரும் என்கிறீர்கள். கிளிநொச்சிப் பக்கம் ஒருக்கால் பாருங்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய சனம். அதே மொழி, அதே கோயில், அதே சேலையும் சாரமும். உடுப்பில் ஒரு நூல் வித்தியாசம் இல்லை. ஆனால் அறுபது வயது மனிசனை இருபது வயதுப் பொடியன் 'நீ' என்கிறான். வேலி அடைக்க வந்தவருக்குத் தனிக் கோப்பையில் தேத்தண்ணி கொடுக்கிற வீடுகளும் இருந்தன. எங்கள் வீட்டில் அந்தக் கோப்பை அடுப்படி யன்னலுக்கு வெளியே கவிழ்ந்திருக்கும். என் அம்மா நல்ல மனிசி. அதையும் கழுவித்தான் வைப்பா.

பெரியம்மாவோடு சண்டைக்குப் போகவேண்டாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் நீராவிப்பிட்டிக்குப் போய்க் கல்யாணப் பலகாரம் கொடுத்துவிட்டு வாருங்கள். கடிதத்தில் பந்தியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அவர்கள் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்களா?