ஒரே கல்லீரல், இரண்டு எண்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவருக்கு ஃபேட்டி லிவர். ஜனவரியில் எடுத்த ஃபைப்ரோஸ்கேனில் 9.1 கிலோபாஸ்கல் என்று வந்தது. இப்போது வேறு மருத்துவமனையில் எம்.ஆர். எலாஸ்டோகிராஃபி எடுத்தோம், 3.2 கிலோபாஸ்கல் என்கிறார்கள். மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று அவர் பாயசம் வைக்கச் சொல்கிறார். வைக்கலாமா?
*வாசகி, சேலம்*

பதில்: பாயசம் வைப்பதில் ஆட்சேபனை இல்லை அம்மா, ஆனால் காரணம் இதுவாக இருக்க வேண்டாம். (சர்க்கரையையும் பார்த்துப் போடுங்கள்.) இரண்டுமே கல்லீரல் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று அதிர்வை அனுப்பி அளப்பவை, ஒன்று அல்ட்ராசவுண்டில், மற்றது எம்.ஆர்.ஐ.யில். இரண்டு ரிப்போர்ட்டிலும் அலகு ஒன்றுதான், ஆனால் அளந்த சங்கதி வேறு. ஃபைப்ரோஸ்கேன் தருவது யங் மாடுலஸ் (இழுத்தாலோ அழுத்தினாலோ திசு காட்டும் எதிர்ப்பு), எம்.ஆர். எலாஸ்டோகிராஃபி தருவது ஷியர் மாடுலஸ் (பக்கவாட்டில் தள்ளினால் காட்டும் எதிர்ப்பு). கல்லீரல் மாதிரி நீர் நிறைந்த மெத்தென்ற திசுவில் முதலாவது இரண்டாவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருக்கும். 3.2ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்கள், 9.6 வருகிறது. அதாவது அவருடைய கல்லீரல் ஜனவரியில் எங்கே இருந்ததோ கிட்டத்தட்ட அங்கேயேதான் இருக்கிறது.

அதற்காக இனி ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் வீட்டில் உட்கார்ந்து மூன்றால் பெருக்கவும் வேண்டாம். ஃபைப்ரோஸ்கேன் தட்டுவது 50 ஹெர்ட்ஸில், எம்.ஆர். 60 ஹெர்ட்ஸில், ஃபைப்ரோஸ்கேன் பார்ப்பது சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம், நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு, எம்.ஆர். பார்ப்பது பல குறுக்குவெட்டுகளில் வலது மடலின் பெரும்பகுதி. எம்.ஆர். கணக்கில் 2.5க்குக் கீழே இருந்தால் இயல்பு, 5க்கு மேல் போனால் சிரோசிஸ் (தழும்பு முற்றிய நிலை) என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். 3.2 என்பது தொடக்கக் கட்டத் தழும்பு இருக்கலாம் என்கிற வரம்பு. பயப்படவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். அடுத்த முறை எடுக்கும்போது இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதே வகை ஸ்கேனையே எடுங்கள், அப்போதுதான் ஏறியதா இறங்கியதா என்று சொல்ல முடியும்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும், சரி. ஓர் உறுப்பு கெட்டியா மெத்தென்று இருக்கிறதா என்று காந்தத்துக்கு எப்படித் தெரியும்?
*இயற்பியல் மாணவர், நாகர்கோவில்*

பதில்: காந்தத்துக்குத் தெரியாது தம்பி, அலைக்குத்தான் தெரியும். பழைய டாக்டர்கள் வலது விலா எலும்புக்குக் கீழே விரல்களை வைத்து, "மூச்சை நல்லா இழுங்க" என்று சொல்லிக் கல்லீரலின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார்கள் இல்லையா, கெட்டியாகத் தட்டுப்பட்டால் முகம் மாறிவிடும். அந்தக் கை வேலையைத்தான் இங்கே அதிர்வு செய்கிறது.

வெளி அறையில் ஒரு ஒலிபெருக்கி மாதிரியான சாதனம் இருக்கும். அதிலிருந்து நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்று உள்ளே வரும், அதன் முனையில் தட்டையான வட்டத் தட்டு. உலோகம் எதுவும் கிடையாது, காந்த அறைக்குள் இரும்பு நுழையக்கூடாதே. அந்தத் தட்டை விலாவின் மேல் வைத்துப் பட்டையால் கட்டி, நொடிக்கு 60 தடவை காற்றால் துடிக்க வைக்கிறார்கள். துடிப்பு உள்ளே போய்க் கல்லீரலில் ஷியர் அலைகளாக (போகும் திசைக்குக் குறுக்காகத் திசுவை அசைக்கும் அலைகள்) பரவுகிறது. திசு அசைவது மைக்ரான் கணக்கில்தான், சாதாரண எம்.ஆர். படத்தில் அதைப் பார்க்கவே முடியாது.

இங்கேதான் கெட்டிக்காரத்தனம். அதிர்வின் அதே தாளத்தில் காந்தப்புலத்தின் சாய்வையும் (இடத்துக்கு இடம் அதன் வலிமை மாறும் விதம்) இப்படியும் அப்படியும் மாற்றுகிறார்கள். அசையாத இடத்திலிருந்து வரும் சிக்னலின் ஃபேஸ் (அலைச் சுற்றில் அது நிற்கும் கட்டம்) அப்படியே இருக்கும், அசைந்த இடத்தில் அசைவுக்குத் தக்கபடி நகர்ந்திருக்கும். ஓர் அதிர்வுச் சுற்றுக்குள் நான்கு வெவ்வேறு கட்டங்களில் இப்படி எடுத்தால் அலை நகர்வதைத் திரையிலேயே பார்க்கலாம். மீதி உங்கள் பாடப்புத்தகக் கணக்கு: அதிர்வெண்ணை அலைநீளத்தால் பெருக்கினால் வேகம், வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் கெட்டித்தன்மை. 2 கிலோபாஸ்கல் உள்ள நல்ல கல்லீரலில் அலைநீளம் சுமார் 2.4 சென்டிமீட்டர், 5 கிலோபாஸ்கல் உள்ளதில் 3.7. தளர்ந்த கொடிக்கயிற்றைத் தட்டினால் அலை மெல்லப் போகும், இழுத்துக் கட்டியதில் சட்டென்று ஓடும், அதே கதைதான். ஏன் 60 ஹெர்ட்ஸ் என்று அடுத்துக் கேட்பீர்கள்: ரொம்பக் கூட்டினால் அலை ஆழத்துக்குப் போகும் முன்பே தேய்ந்துவிடும், ரொம்பக் குறைத்தால் அலைநீளம் கல்லீரலுக்குள் அடங்காது.

இதை முதலில் செய்து காட்டியது அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரிச்சர்ட் ஈமன் குழு, 1995இல் சயன்ஸ் இதழில் வெளியானது. கட்டுரையின் முதல் பெயர் ராஜா முத்துப்பிள்ளை. (காது நிமிர்கிறதா? எனக்கும் நிமிர்ந்தது.)

கேள்வி: காலை எட்டு மணிக்கு ஸ்கேன் என்றார்கள். இரண்டு இட்லிதான் சாப்பிட்டுப் போனேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். வயிற்றை ஒன்றும் ஸ்கேன் செய்யவில்லையே?
*வாசகர், திண்டுக்கல்*

பதில்: அனுப்பியது சரிதான் ஐயா. சாப்பிட்டதும் குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்கு வரும் ரத்தம் கூடும். நல்ல கல்லீரல் அதற்கு இடம் கொடுத்துவிடும், தழும்பேறிய கல்லீரலால் முடியாது, அளவு ஏறிவிடும். அதனால்தான் நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு. அப்புறம் இன்னொன்று, உள்ளே போனதும் மூச்சை வெளியே விட்டுவிட்டு நிறுத்தச் சொல்வார்கள், ஒவ்வொரு தடவையும் பதினைந்து நொடி போல. இழுத்துப் பிடிப்பதைவிட இது சிரமம், ஆனால் மூச்சை விட்ட நிலையில்தான் கல்லீரல் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்கும். வீட்டிலேயே பழகிக்கொண்டு போங்கள். தட்டு துடிப்பது வலிக்காது, சிலருக்குக் கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: கெட்டியாக இருந்தாலே தழும்பு என்று அர்த்தமா? அப்படியானால் பயாப்ஸி எதற்கு?
*வாசகி, திருச்சி*

பதில்: இல்லை, இதைத்தான் பல பேர் தவறாக நினைக்கிறார்கள். மஞ்சள் காமாலையில் அழற்சி ஏறியிருந்தாலும், இதயம் பலவீனமாகி ரத்தம் கல்லீரலில் தேங்கினாலும், பித்தநாளம் அடைத்தாலும் எண் ஏறும். வெறும் கொழுப்பு மட்டும் அதை அவ்வளவாக ஏற்றாது. பயாப்ஸியில் பரிசோதனைக்காக ஊசி குத்தி எடுக்கும் திசு கல்லீரலில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு, ஓர் இடத்தில் குத்தினால் ஒரு விடை, பக்கத்தில் குத்தினால் வேறு விடை என்று ஆகலாம். அந்தக் குறை ஸ்கேனில் குறைவு. ஆனால் ஏன் கெட்டியானது என்று செல் அளவில் பார்த்துச் சொல்ல இன்னும் பயாப்ஸிதான்.

ஆய்வாளர்களை இதைவிட அதிகம் யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. 2007இல் வெளியான எலி ஆய்வில், தழும்பு நார் படிவதற்கு முன்பே கல்லீரல் கெட்டியாகத் தொடங்கியது தெரிந்தது. கெட்டியான பரப்பில் வளர்த்த ஸ்டெல்லேட் செல்கள் (கல்லீரலிலேயே இருக்கும் ஒரு வகை செல்கள்) நார் தயாரிக்கும் செல்களாக மாறுவதையும் சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். கெட்டித்தன்மை நோயின் விளைவு மட்டுமா, நோயைத் தள்ளுவதும் அதுவேதானா என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்பியது.

கேள்வி: என் மகனுக்குத் தலசீமியா, அடிக்கடி ரத்தம் ஏற்றுகிறோம். ஸ்கேன் எடுத்தும் "அளக்க முடியவில்லை" என்று ரிப்போர்ட். மெஷின் கோளாறா?
*வாசகர், தருமபுரி*

பதில்: மெஷின்மேல் பழி போட வேண்டாம். ரத்தம் ஏற்ற ஏற்ற இரும்புச்சத்து கல்லீரலில் சேர்ந்துகொண்டே போகும், இரும்பு அதிகமானால் எம்.ஆர். சிக்னல் சட்டென்று மங்கிவிடும், அலை ஓடினாலும் படத்தில் பிடிபடாது. ஸ்பின் எக்கோ என்கிற வேறு வகை எம்.ஆர். முறையில் எடுத்தால் சில சமயம் கிடைக்கும், அந்த வசதி இருக்கிறதா என்று ரேடியாலஜி டாக்டரிடமே கேளுங்கள். இல்லாவிட்டால் ஃபைப்ரோஸ்கேன் பக்கம் போகலாம், அது அல்ட்ராசவுண்டில் வேலை செய்வதால் இரும்பு அதை இந்த மாதிரி மறைக்காது. எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்று அளக்க எம்.ஆரிலேயே தனி முறை இருக்கிறது, உங்கள் மகனுக்கு முதலில் தெரிய வேண்டிய எண் அதுதான்.